மொதக் கணக்கை எவன் எழுதுனான்னு பாரு, கண்ணு

துருவத்து ஐஸை அளக்கப் போறியாமே! ஒங்கம்மா காசிமேடு பூரா சொல்லிக்கினு திரியுறா. எனக்குச் சிரிப்பு அடங்கல கண்ணு. நம்ம வூட்டுல ஐஸைக் கண்டா ஒடைக்கிறதுதான் பழக்கம். கம்பெனியிலேருந்து பார் வந்து எறங்கும், மிசின்ல வுட்டு நொறுக்குவோம், வஞ்சரத்து மேல ஒரு கூடை கொட்டுவோம், அதோட அந்த ஐஸோட சரித்திரம் முடிஞ்சுது. ஒடைக்காம, தொடாம, கிட்டக்கூடப் போவாம, வானத்துல நின்னுக்கினு பாத்து எழுதுறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்கன்னா, குடுக்குற மவராசன் நல்லா இருக்கட்டும். போறதுக்கு முந்தி இந்தக் கெழவன் சொல்றதைக் கேட்டுக்கினு போ. கேட்டுட்டு மறந்தாலும் சரிதான், ஒன் இஷ்டம். தாத்தா சொன்னாருன்னு மட்டும் ஆபீசுல சொல்லிடாதே, வேலை போயிடும்.

மெட்ராஸுக்கு ஐஸ் நேத்து வந்ததுன்னு நெனச்சுக்காதே. ஃப்ரெட்ரிக் டியூடர்னு ஒரு அமெரிக்காக்காரன். அவன் ஊருல ஏரி உறைஞ்சா அத்த ரம்பம் போட்டு அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல ஏத்தி, பாதி ஒலகத்தைச் சுத்தி இங்க கொண்டாந்து வித்தான். அதுக்குன்னே 1842-ல திருவல்லிக்கேணி கடலோரத்துல ஒரு கட்டடம் கட்டுனான். பின்னால விவேகானந்தர் வந்து தங்கி அது கோயிலு கணக்கா ஆயிடுச்சு, ஆனா ஐஸ் அவுஸ்ங்குற பேரு மட்டும் உருகாம போலீஸ் ஸ்டேஷன் போர்டு வரைக்கும் கீது. டியூடர் வெயிலுக்குப் பயப்படாத யாவாரி. பாஸ்டன்ல எத்தினி டன் ஏத்துனோம், மெட்ராஸ்ல எத்தினி டன் எறக்குனோம்னு ரெண்டு நம்பரும் அவன் நோட்டுல இருந்துச்சு, அதனால வழியில எவ்ளோ தண்ணியாப் போச்சுன்னு அவனுக்குத் தெரியும். ஏத்துன நம்பர் இல்லாம எறக்குன நம்பரை மட்டும் வெச்சிக்கினு எவனாவது 'உருகவே இல்ல'ன்னு சொன்னா, டியூடர் அவனை கப்பல்லேருந்தே தள்ளி வுட்டிருப்பான்.

ஒன் துருவத்து ஐஸுக்கு ஏத்துன நம்பர் யாரு எழுதுனாங்கன்னு கேட்டேன். 1978 அக்டோபர்ல நாசா ஏவுன நிம்பஸ்-7ன்னு நீ சொன்ன. கடல் ஒரு விதமா, ஐஸ் ஒரு விதமா மைக்ரோ அலை வுடுதாம்; ராத்திரியா இருந்தாலும், மேகம் மூடிக்கினாலும் அத்த மேலேருந்து புடிச்சு எது தண்ணி எது ஐஸுன்னு பிரிச்சுடலாமாம். மாசக்கணக்கா சூரியனே எட்டிப் பாக்காத ஊருல அது வித்தைதான், ஒத்துக்கிறேன். ஆனா அடுத்து ஒண்ணு சொன்ன பாரு, அதுல நான் மெரண்டுட்டேன். கடலைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒரு கட்டத்துல நூத்துக்குப் பதினஞ்சு பங்கு ஐஸ் இருந்தாலே அந்தக் கட்டம் பூரா ஐஸுன்னு எழுதிக்குவாங்களாம். ஆத்தாடி, இத்த நம்ம ஏலக்காரன் காதுல போட்டுடாதே. பதினஞ்சு பங்கு சங்கராவும் மிச்சம் ஐஸுமா ரொப்பி முழுக் கூடைன்னு கூவிடுவான்.

அப்புறம் ராத்திரி படுத்துக்கினு யோசிச்சேன். விதி கோணலா இருக்கட்டுமே, 1979-ல இருந்த அதே கோணல் இன்னிக்கும் இருந்துச்சுன்னா கணக்கு நிக்கும். பதினஞ்சு பத்தலன்னு நடுவுல ஒரு புத்திசாலி வந்து முப்பதுன்னு மாத்துனாத்தான் எல்லாம் கெட்டுது. அதனால ஒன் ஆபீசுல யாராவது 'இன்னும் நல்லா அளக்கலாம்'னு வந்தா, நல்லா அளக்கட்டும், கூடவே பழைய மாதிரியும் அளக்கச் சொல்லு. நல்லதை நம்பி பழசைத் தூக்கிப் போட்டவன் கையில ரெண்டும் நிக்காது.

நம்பரைச் சொல்றேன், சரியான்னு பாத்துக்கோ. வட துருவத்துல ஐஸ் ரொம்பக் கொறையுறது செப்டம்பர் மாசம். 1981-லேருந்து 2010 வரைக்கும் சராசரி எடுத்தா, ரொம்பக் கொறஞ்ச நாள்ல கூட 62 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்துச்சு. 2012 செப்டம்பர்ல அது 34 லட்சத்துக்கு எறங்கிடுச்சு. நம்ம நாடு மொத்தமே 33 லட்சம்தான். அதாவது மிச்சம் இருந்ததே ஒரு இந்தியா அளவு. காணாமப் போனது இன்னொரு இந்தியாவுக்குக் கொஞ்சம் கம்மி. மிதக்குற ஐஸ் உருகுனா கடல் ஏறாது, அது எனக்கும் தெரியும், ஐஸ் பெட்டியோட பொயப்பு நடத்துனவன் நான். நெலத்து மேல படுத்துக்கினு கீற ஐஸ் எறங்கி வந்தாத்தான் நம்ம வாசல்ல தண்ணி ஏறும். ஆனா மெதக்குற வெள்ளை போச்சுன்னா கறுத்த தண்ணி வெயிலைக் குடிக்கும், குடிச்ச சூடு அடுத்த வருஷ ஐஸைத் துன்னும்; அந்தச் சூடு நம்ம மழையை இன்னா பண்ணுதுன்னு தேடிக்கினுதான் இந்தியாக்காரனே அங்க 2008-லேருந்து ஹிமாத்ரின்னு ஒரு வூடு கட்டி குந்திக்கினு கீறான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 62 லட்சம்னு சொன்னமே, அது எந்த முப்பது வருஷம்? ஒலக வானிலை அமைப்பு, முப்பது வருஷ சராசரியை 'வழக்கம்'னு வெச்சிக்கினு, பத்து வருஷத்துக்கு ஒருக்கா அத்த முன்னால நவுத்தச் சொல்லுது. 1981-2010 போயி 1991-2020 வந்துடுச்சு. மழைக்கு அதுல ஞாயம் கீது, இந்த ஐப்பசியில மழை கூடவா கொறைவான்னு சொல்ல இந்தக் காலத்து வழக்கம்தானே வேணும். ஐஸுக்கு அதே வித்தையைப் போட்டா? கொறஞ்சு போன வருஷமெல்லாம், அந்த 2012 உள்பட, சராசரிக்குள்ள வந்து சம்மணம் போட்டு குந்திக்குது. வழக்கம்ங்குற கோடே கீழ எறங்கிடுது. ஒரு பிடி ஐஸ் கூடாமலே பள்ளம் கொஞ்சம் ரொம்புன மாதிரி படம் வரும். நம்ம கந்துவட்டிக்காரன் பத்து வருஷத்துக்கு ஒருக்கா நோட்டை மாத்தி எழுதி, 'ஒன் வழக்கமான கடனைப் பாத்தா இந்த வருஷம் நீ கொஞ்சம்தான்டா கூட வாங்கியிருக்கே'ன்னு தட்டிக் குடுத்தா எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். அமெரிக்காவுல கொலராடோவுல கீற தேசியப் பனித் தரவு மையம் மட்டும் 1981-2010-ஐக் கெட்டியாப் புடிச்சுக்கினு வுட மாட்டேங்குதுன்னு சொன்ன. பிடிவாதக்காரங்க. எனக்கு அவங்களைப் புடிச்சிருக்கு.

எதுக்குக் கெழவன் இவ்ளோ குதிக்கிறான்னு பாக்குறியா? இந்த வித்தையில எங்க கரையே போச்சும்மா.

1875 டிசம்பர்ல இங்கிலாந்து இளவரசரு வந்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டுனாரு. 1881 புயல் அத்தப் போட்டு ஒடைச்சுது, மறுபடியும் கட்டுனாங்க. நம்ம கடல்ல மணலுக்கும் போக்குவரத்து உண்டு. வருஷத்துல பெரும்பங்கு தெண்டி வெள்ளம் தெக்கேருந்து வடக்க இஸ்துக்கினு போவும். வாடைக் காத்து அடிக்கிற மாசத்துல கொஞ்சம் திரும்பி வரும். போறது அதிகம், வர்றது கம்மி. குறுக்கால கல்லு செவுரு நின்னதும், வந்த மணலு தெக்கப் பக்கமே தங்கிடுச்சு. அதுக்குப் பேருதான் மெரினா. அங்க குந்திக்கினு மாங்கா பத்தை துன்றவனுக்கு, அவன் குந்துற மணல்ல ராயபுரத்துக்கு வர வேண்டிய பங்கு கீதுன்னு எவனும் சொல்றதில்ல. வடக்க எங்களுக்கு மணலு வரல, ஆனா அலை மட்டும் கரெக்டா வந்துச்சு. 1876-லேருந்து நூறு வருஷத்துல ராயபுரம் பக்கம் அரை கிலோமீட்டர் கரையும், அதுக்கப்புறம் 1978-லேருந்து 1995-க்குள்ள இன்னொரு 200 மீட்டரும் போச்சுன்னு ஒரு கணக்கு எழுதி வெச்சிருக்காங்க. கரை போனா கூடவே வூடு போவும், கோயில் போவும், வலை காயப்போடுற எடம் போவும், படகு ஏத்துற எடம் போவும். கடைசியில லாரி லாரியா கருங்கல்லு வந்துச்சு. கல்லு கொட்டுனா அந்த எடத்துல அரிக்காது, கல்லு முடியுற எடத்துக்கு வடக்க அரிக்கும். அங்க கொட்டுனா அதுக்கும் வடக்க. ராயபுரத்துல ஆரம்பிச்ச வியாதி இப்படியே திருவொற்றியூர், எண்ணூர்னு ஒவ்வொரு குப்பமா நடந்து போச்சு.

இப்பக் கேளு. பள்ளிக்கரணையில தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம்னு ஒண்ணு கீது. அவங்க 1990-லேருந்து 2018 வரைக்கும் செயற்கைக்கோள் படத்தை வெச்சு இந்தியக் கரை மொத்தத்தையும் அளந்தாங்க. நூத்துக்கு சுமார் 34 பங்கு அரிக்குது, 27 பங்கு வளருது, மிச்சம் நெலையா கீதுன்னு வந்துச்சு. நல்ல வேலைதான், அந்தப் புள்ளைங்களை நான் ஒண்ணும் சொல்லல. 1990-க்கு ரொம்ப முந்திப் போனா அவ்ளோ தெளிவா படம் கெடைக்காது, அவங்களும் இன்னா பண்ணுவாங்க? ஆனா 1990-ல மொதக் கோடு போட்டா, எங்க கரை கதை 115 வருஷம் ஓடி முடிஞ்சப்புறம் நீ கொட்டாயிக்குள்ள வந்து குந்துற. அப்போ ராயபுரம் பக்கம் பல எடத்துல மணலே கெடையாது, கல்லுதான் கெடந்துச்சு. கல்லு எங்க நவுரும்? 1990-லயும் அங்கதான் கீது, 2018-லயும் அங்கதான் கீது. அந்தக் கோட்டை மட்டும் பாத்துட்டு ஒரு புது ஆபீசரு, இந்த எடம் ரொம்ப ஒழுக்கமான எடம்யா, இத்தினி வருஷமா அசையவே இல்லன்னு சொன்னாலும் சொல்வாரு. ஒன் ஐஸ் நோட்டுலயும் 1979-தான் மொத முழு வருஷத்துப் பக்கம். அதுக்கு முந்தி எவ்ளோ போச்சோ, எவ்ளோ வந்துச்சோ. மொதப் பக்கத்துக்கு முந்துன பக்கத்தைக் கேட்டுக்கினே இரு.

இன்னொரு கூத்து சொல்றேன். புதுசா ஒரு கம்பெனி வரணும், இல்ல பழசு பெரிசாவணும்னா கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவாங்க. பந்தல், நாற்காலி, போலீசு, தலவாணி கனத்துல ஒரு புஸ்தகம். அந்தப் புஸ்தகத்துல காத்து இப்படி, தண்ணி இப்படி, மண்ணு இப்படின்னு மொதக் கணக்கு ஒண்ணு இருக்கும். 2006-ல வந்த சட்டப்படி பெரும்பாலும் ஒரு பருவத்துக் கணக்கு போதுமாம், அதுவும் மழைக்காலம் இல்லாத பருவம். எண்ணூர்ல அனல்மின் நிலையம் 1970 வாக்குல வந்துச்சு, வடசென்னை அனல்மின் நிலையம் 1990கள்ல வந்துச்சு, 2001-ல துறைமுகம், அப்பாலிக்கா காட்டுப்பள்ளியில இன்னொண்ணு. சாம்பல் எண்ணூர் கழிக்குள்ள எறங்கி, கொசஸ்தலையாறு வாய் சுருங்கி, முட்டி ஆழத்துல கெழங்கான் ஓடுன எடத்துல சேறு கெட்டிப்பட்டு, அல்லாம் முடிஞ்சப்புறம் ஒருத்தன் வந்து மூணு மாசம் டப்பா வெச்சு அளந்துட்டு, இதுதான் இந்த ஊரோட இயல்புன்னு எழுதுவான். நோய் புடிச்சவனைப் படுக்கையில அளந்துட்டு ஆரோக்கியத்துக்கு அதான் அளவுங்குறான். எங்க குப்பத்துல ஒரு அம்மா எழுந்து, 'இயல்புன்னா எந்த வருஷத்து இயல்பு சார்?'னு கேட்டா. மேடையில மைக்கு ரிப்பேர் ஆயிடுச்சு.

வரைபடத்துலயும் இந்த விளையாட்டு உண்டு. 1996-ல டெல்லி ஒப்புதல் குடுத்த கடலோர வரைபடத்துல எண்ணூர் கழி ஆயிரக்கணக்கான ஏக்கரா ஜம்முனு கெடக்குது. பின்னால ஆபீசுல புழங்குன இன்னொரு படத்துல கழியையே காணோம்னு 2017-ல பெரிய சண்டை நடந்துச்சு. தண்ணி அங்கதான் இருந்துச்சு, மீனும் அங்கதான் இருந்துச்சு, காயிதத்துல மட்டும் வறண்டுடுச்சு. ஆர்க்டிக்ல அவ்ளோ ஐஸ் கரைய முப்பது வருஷம் ஆச்சு. எங்க ஊருல ஒரு கழியைக் கரைக்க ஒரு ரப்பர் போதும். நீ படம் போட்டா, எந்தத் தேதி, எந்தப் பதிப்பு, யாரு கையெழுத்துன்னு ஓரத்துல எழுதி வை. பழைய பதிப்பை அழிக்காதே. அழிக்கச் சொல்றவன் பேரையும் எழுதி வை.

2017 ஜனவரி 28-ல எண்ணூர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் முட்டிக்கிச்சு. மொதல்ல எண்ணெயே சிந்தலைன்னாங்க, அப்புறம் பசங்க பக்கெட்டுல மொண்டு மொண்டு ஊத்துனதை ஒலகமே டிவியில பாத்துச்சு. 2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் வெள்ளத்தோட மணலி பக்கத்துலேருந்து எண்ணெய் எறங்கி வந்து கழி பூரா பூசிக்கிச்சு. நெவாரணம்னு குடும்பத்துக்கு 12,500 ரூபா குடுத்தாங்க. வாங்கிக்கினோம், வேணான்னு சொல்ற வசதி யாருக்கு கீது? ஆனா அந்த நம்பர் எந்தக் கணக்குல வந்துச்சு? எண்ணெய்க்கு முந்துன கார்த்திகையில கழியில ஒரு ஆளு எத்தினி கிலோ இறால் எடுத்தான்னு யாரு கிட்டயாவது நோட்டு இருந்தா, இவ்ளோ போச்சு, இவ்ளோ குடுன்னு மேஜையைத் தட்டிக் கேக்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 1950 வாக்குலேருந்து கரையில எறங்குற மீனைக் கணக்கெடுக்குறாங்க, காசிமேட்டுல நோட்டும் கையுமா நிப்பாங்க, பாத்திருப்பே. அது கடல் மீன் கணக்கு. கழியில குந்திக்கினு கையால தடவி இறால் புடிக்கிறவங்களுக்கு அந்த நோட்டுல எடம் இல்ல. இப்போ காக்கா ஆழின்னு ஒரு வெளிநாட்டு ஆழி கழி அடியில கம்பளி கணக்கா படர்ந்து கெடக்குது, தென்னமெரிக்கா பக்கத்து சரக்காம். எந்த வருஷம் வந்துச்சுன்னு பத்து பேரைக் கேளு, பத்து வருஷம் சொல்வாங்க, பத்து பேரும் சத்தியம் பண்ணுவாங்க.

சத்தியம்னதும் ஞாபகம் வந்துச்சு. கெழவனுங்க பேச்சை நம்பாதே. எங்கப்பா காலத்துல கழியில கால் வெச்சா இறால் வந்து வெரலைக் கடிக்கும்னு நான் சொல்லுவேன். மீனு செத்தப்புறமும் வளர்ற ஒரே எடம் எங்க வாய்தான். டேனியல் பாலின்னு ஒரு மீன் விஞ்ஞானி இருக்காராமே, 1995-ல எழுதுனாராமே, ஒவ்வொரு தலமொறையும் தான் கடலுக்குள்ள மொத மொதல்ல எறங்குனப்போ பாத்ததையே முழுக் கடல்னு நெனச்சுக்குதுன்னு. பாரு, வெளிநாட்டுக்காரன் எங்க கொட்டாயில வந்து குந்தாமலே கண்டுபுடிச்சுட்டான். நான் பாத்ததுல பாதி போனா எனக்கு வவுறு எரியுது. ஒன் தம்பி மீதிப் பாதியைத்தான் கடல்னு நெனைக்கிறான், அவனுக்கு எரியல. ஆனா முழுசாவும் தள்ளிடாதே. நான் சொல்ற மீனோட நீளத்தைத் தள்ளு. எந்த மாசம், எந்த எடம், எந்த வலை, கூட எந்தக் காத்துன்னு சொல்றேன் பாரு, அத்த எழுதிக்கோ. அதுல பொய் சொல்லி எனக்கு ஒரு லாபமும் இல்ல. ஐஸுக்கும் திமிங்கில வேட்டைக் கப்பலுங்களோட பழைய நோட்டை எடுத்துப் பாக்குறாங்களாமே. சரியான ஆளைத்தான் புடிச்சிருக்காங்க. எத்தினி திமிங்கிலம் புடிச்சேன்னு அந்தக் கேப்டன் உடான்ஸ் வுட்டிருக்கலாம். ஐஸோட ஓரம் எங்க இருந்துச்சுன்னு வுட்டிருக்க மாட்டான், அதுல முட்டுனா அவனே காலி.

தென் துருவத்தைப் பத்தி அவசரப்பட்டு வாயைத் தொறக்காதே. 2014-ல அங்க குளிர்கால ஐஸ் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டுச்சு. பாத்தியா ஏறுதுன்னு ஒரு கூட்டம் டீக்கடையில குந்திக்கினு சிரிச்சுது. 2023-ல அதே குளிர்காலத்துல 1 கோடி 70 லட்சத்தைக்கூடத் தொடல. அந்தக் கூட்டம் இப்போ டீக்கடை மாத்திக்கிச்சு. முப்பத்தஞ்சு வருஷ நோட்டே ஆளை ஏமாத்தும்னா, மூணு மாச நோட்டை நீயே யோசிச்சுக்கோ.

பழைய டப்பாவைத் தூக்கிப் போடாதே. நிம்பஸ்-1ன்னு ஒரு செயற்கைக்கோள், 1964 ஆகஸ்டுல போச்சு, ஒரு மாசம் கூட ஓடல. அதோட படச்சுருளு டப்பாவுல கெடந்துச்சு, அரை நூற்றாண்டு. அப்புறம் நாலு கிறுக்கனுங்க அத்த எடுத்து ஸ்கேன் பண்ணி, 1964 செப்டம்பர்ல அண்டார்டிகா ஐஸோட ஓரம் எங்க இருந்துச்சுன்னு கோடு போட்டுட்டாங்க. நோட்டுக்கு முந்துன பக்கம் ஒண்ணு கெடைச்சுது பாரு! நம்ம ஊருலயும் கீது, தேடுறவன் இல்ல. நுங்கம்பாக்கத்துல 1792-ல வெள்ளைக்காரன் வானாய்வுக்கூடம் கட்டி, 1796-லேருந்து வெயிலு, காத்துன்னு எழுத ஆரம்பிச்சான். மெட்ராஸ்ல கடல் மட்டத்தை 1880கள்லயே அளக்க ஆரம்பிச்சாங்க. நடுவுல பல வருஷம் ஓட்டை. ஓட்டைன்னா கடல் அந்த வருஷமெல்லாம் லீவுல போச்சுன்னு அர்த்தம் இல்ல, எழுதுறவன் போயிட்டான். அந்த ஓட்டையை இன்னிக்கு எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் அடைக்க முடியாது. ஒண்ணுமே நடக்காத வருஷத்துல எழுதுறவனுக்கு சங்கம் வெச்சு மாலை போடணும்னு நான் சொல்லுவேன், எவன் கேக்குறான்? புயல் வந்தா எழுதத்தான் ஆயிரம் பேரு ஓடி வர்றானே.

தராசு மாத்துறப்போ ஜாக்கிரதை. 1987-ல நிம்பஸ்-7 கிழடாயி, அமெரிக்க ராணுவச் செயற்கைக்கோள் வந்துச்சு. ரெண்டும் ஒண்ணா ஓடுனது சில வாரந்தான். அந்தச் சில வாரத்தை வெச்சுத்தான் பழைய தராசுல இவ்ளோன்னா புதுத் தராசுல எவ்ளோன்னு ஒட்டுப் போட்டிருக்காங்க. அதே வருஷக் கடைசியில டிசம்பர்லேருந்து சனவரி வரைக்கும் கண்ணே தெரியல, தகவல் இல்ல. அப்புறம் 2025-ல, அந்த ராணுவக் கோளோட தகவலை நிறுத்தப் போறோம்னு திடீர்னு ஒரு அறிவிப்பு, அலறுனதும் கொஞ்ச நாள் நீட்டிப்பு. நல்ல வேளை, ஜப்பான்காரனோட கருவி ஒண்ணு ஏற்கனவே மேல சுத்திக்கினு இருந்துச்சு, அதுக்கு மாத்திக்கினாங்க. அதனால புதுசு வந்து கொஞ்ச காலம் பழசோட ஒண்ணா ஓடுற வரைக்கும் பழசை அணைக்க வுடாதே. 'ரெண்டுக்கும் எதுக்கு கரண்டு பில்லு?'ன்னு கணக்குப் பிரிவுல ஒருத்தரு கேப்பாரு. கேக்காம வுட்டா அவரு கணக்குப் பிரிவே இல்ல. நீ சிரிச்சுக்கினே ஃபைலை எங்கயாவது தொலைச்சுடு, ரெண்டு வருஷம் கழிச்சுக் கண்டுபுடிச்சுக் குடு.

நம்ம ஆளுங்களும் சும்மா இல்லதான். பள்ளிக்கரணை தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துல செஞ்ச கருவியை 2014 ஜூலையில நார்வேக்கு மேல ஸ்வால்பார்டு தீவுல, காங்ஸ்ஃபியோர்டு தண்ணிக்கு அடியில, 192 மீட்டர் ஆழத்துல நங்கூரம் போட்டுக் கட்டி வுட்டாங்க. கோவாவுல கீற துருவ மையமும் நார்வேக்காரனும் கூட்டு. தண்ணி எவ்ளோ சூடு, எவ்ளோ உப்பு, எப்படி ஓடுதுன்னு அது அடியில குந்திக்கினு எழுதுது. கரையில நின்னு கத்துறவங்களை வுட அடியில குந்திக்கினு எழுதுறதுக்கு மதிப்பு அதிகம், அதுக்கு சங்கமும் கெடையாது, சம்பளமும் கெடையாது.

சம்பளம்னதும் இதைச் சொல்லியே ஆவணும். மூணு தலமொறைக்கு அளக்க வேண்டிய சமாச்சாரத்துக்கு ஒன்னை பதினோரு மாச ஒப்பந்தத்துல எடுத்திருக்காங்க. பன்னெண்டாவது மாசம் ஐஸ் யாரு கிட்ட கையெழுத்து போடும்? எல்லா ஊருலயும் இதான் கதைன்னு நீ சொன்ன, நம்புறேன். அதனால வேலையில சேர்ந்த அன்னிக்கே, நாளைக்கு ஒன் எடத்துக்கு வரப் போற புள்ளை யாருன்னே தெரியாட்டியும், அதுக்குப் புரியுற மாதிரி எழுது. எந்தக் கருவி, எந்த எடம், எத்தினி மணி, எவ்ளோ தப்பு வரும், எந்த நாளு ஒடம்பு சரியில்லாம பாக்கல. பாக்காத நாளைப் பாக்கலன்னே எழுது, முந்தின நாளு நம்பரைக் காப்பி அடிச்சு ரொப்பிடாதே. நீ அப்படிச் செய்ய மாட்டே, தெரியும். ஒன் தாத்தன் செய்வான்.

ஐஸைக் கிட்டப் போயிப் பாக்க அனுப்புனாலும் பேனா எடுத்துக்கினு போவாதே, குளுருல மை எறங்காதாம், உப்புத் தண்ணி பட்டா எழுத்தும் ஓடிடும். பென்சில் எடுத்துக்கோ. ஒரு டஜன். சீவுறதுக்கு நம்ம மீன் கத்தியைப் பைக்குள்ள வெச்சிருக்கான்னு ஒங்கம்மா சொன்னா, அத்த எடுத்து வெளிய வை, ஏர்போர்ட்டுல புடுங்கிக்குவான். எட்டணா ஷார்ப்னர் போதும்.